கொட்டகை இல்லாத துறை

டலா படகுக்குச் சீட்டுக் கிழிப்பவன் நான்.
கூட்டத்தை எப்படி நிறுத்திவைப்பதென்று
இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.
கோழிக்கூடை, சைக்கிள், வாழைத்தார்,
ஈரக்குடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள்
எல்லாம் முதலில் கொட்டகைக்குள்.
சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும்.
இல்லாவிட்டால் பலகை சாயும்.

என் வயிற்றில்
கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.
முக்கால் பங்கு என்றார் டாக்டர் தெய்ன் லின்,
ஒரு கையால் மறுகை மணிக்கட்டை வெட்டிக் காட்டி.
மிச்சத்தைச் சிறுகுடலின் விலாவில் தைத்தாராம்.
தையல் பிடித்துவிட்டது, புண் போய்விட்டது,
வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில்
பால்கட்டி போட்ட இனிப்பு டீ ஒரு கிளாஸ்.
கால்மணி நேரத்தில் காது அடைத்தது.
நெஞ்சு படகு எஞ்சின் மாதிரி இடிக்க
சட்டை நனைந்து தரையில் உட்கார்ந்தேன்.
மாரடைப்பென்று தனபாக்கியம்
சைக்கா கூப்பிட ஓடினாள்.
சைக்கா வந்தபோது
பசிக்கிறது என்றேன்.
காத்திருந்த காசை வாங்கிக்கொண்டு அவன் போனான்.

ஒன்றரை வருடத்தில் பதினோரு கிலோ.
லுங்கி முடிச்சில் துணி மிஞ்சியது.
இமையைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள்
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

மறுபடி குழாய்.
அரிசிநொய் அளவு கிள்ளியெடுத்தார்கள்.
பரிசோதனைக் கூடத்தில் மா ஸின் வே
கண்ணாடிச் சில்லைத் தள்ளி வைத்து
பாருங்கள் என்றாள்.
ஊதாவும் சிவப்புமாய்
என் குடலின் உள்தோல்.

நல்ல குடலில் விரல் விரலாய் நிற்குமாம்,
சீட்டு ஜன்னலில் நீளும் கைகள் போல
நெருக்கமாய், மெலிதாய்.
என்னுடையதில்
மடக்கிய முட்டிகள்தான் இருந்தன.
ஓரிடத்தில் அதுவும் இல்லை.
உணவு அரைபடாமல் நேரே வந்து மோதினால்,
தேங்கிய சுருளில் கிருமி குடியேறினால்
விரல் கூம்பும் என்றாள்.

கோபம் வந்தது.
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.
ஒரு வீட்டை இடித்தால்
அடுத்த வீட்டுச் சுவர் விடுமென்று
யாரும் சொல்லவில்லை எனக்கு.
சொல்லியிருந்தாலும்
ரத்தவாந்தி எடுத்த அந்த இரவில்
எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அப்புறம் அவள் சொன்னாள்:
இந்த மேல்தோல் நாலைந்து நாளுக்கொருமுறை
உதிர்ந்து புதிதாகும்.

எண்ணிப் பார்த்தேன்.
அறுவைக்குப் பிறகு நூறு தடவைக்கும் மேல்.
அப்படியென்றால்
இந்த வாரம் முளைத்ததற்கு
இரைப்பை என்று ஒன்று இருந்ததே தெரியாது.
அது நெரிசலிலேயே பிறந்தது.
முன்பெல்லாம் இப்படியில்லை என்று
அது யாரிடமும் புலம்பவில்லை.
நானும் சொல்லித்தரப் போவதில்லை.

கிருமிக்கு இரண்டு வார மாத்திரை.
இரும்புக்கு ஒன்று, மாதம் ஒரு ஊசி.
சாப்பிடும்போது தண்ணீர் கூடாது.
டீ உண்டு, சீனி இல்லை; அதை டீ என்று சொல்வதானால்.
ஒரு படகு போய் மறுபடகு வருவதற்குள்
அரை முட்டை. அடுத்ததற்குள்
கைப்பிடிச் சோறு, நாற்பது மென்று.
வரிசையில் நிற்பவர்கள்
என் தாடை அசைவதைப் பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும்.
சங்கிலி இப்போது
என் பல்லில் இருக்கிறது.

போன மாதம் இன்னொரு நொய் எடுத்தார்கள்.
மா ஸின் வே வெகுநேரம் குனிந்திருந்தாள்.
சில விரல்கள் நீண்டிருக்கின்றன என்றாள்.
சில இல்லை.

எத்தனை என்று கேட்டேன்.
எண்ணவில்லையாம்.

நானாக இருந்தால் எண்ணியிருப்பேன்.